இது நிஜப் படமா? அறிவியல் கேமராக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வேலை பார்ப்பது உலோக வார்ப்புகளையும் மின்பலகைகளையும் உடைக்காமல் சோதிக்கும் ஓர் ஆய்வகத்தில். ஒரு பக்கம் எக்ஸ்ரே ஸ்கேனர், இன்னொரு பக்கம் வெப்பக் கேமரா, நடுவில் இரண்டு நுண்ணோக்கிகள். பார்க்க வரும் மாணவர்கள், சொந்தக்காரர்கள், சில சமயம் வாடிக்கையாளர்களே கூட கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பாதி எங்கள் கருவிகளைப் பற்றி. மீதி கருந்துளை, ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி, பிரமிடு என்று செய்தியில் அடிபட்டவை பற்றி. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வருபவை முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போகும்.

கேமரா என்றால் கேமராதானே? விஞ்ஞானிகள் வைத்திருப்பதில் அப்படி என்ன விசேஷம்?

அடிப்படையில் ஒன்றும் இல்லை. ஒளி வந்து சிலிக்கானில் விழுகிறது, எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன, அவற்றை எண்ணினால் அந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று தெரிகிறது. 1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய சிசிடி சில்லு செய்ததும் இதைத்தான். அதற்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் போனில் இருப்பது அதன் தம்பி, சிமாஸ் சென்சர். அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்ததில் பெரிய பங்கு 1990-களில் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் இருந்த எரிக் ஃபாசமுக்கு. விண்கலத்துக்குக் கேமரா சின்னதாக வேண்டும், கரண்டும் குறைவாகத் தின்ன வேண்டும் என்று தொடங்கிய வேலை, கடைசியில் எல்லோர் சட்டைப் பைக்கும் வந்துவிட்டது.

வித்தியாசம் எதற்காக எடுக்கிறோம் என்பதில்தான். போனுக்குப் படம் அழகாக இருந்தால் போதும். அறிவியல் கேமராவில் ஒவ்வொரு பிக்சலும் ஓர் அளவீடு. 'இந்தப் புள்ளியில் 412 எலக்ட்ரான்' என்று அது சொன்னால், அந்த 412-ஐ வைத்து யாரோ கணக்குப் போடப் போகிறார். அதனால் சென்சரைக் குளிர வைக்கிறோம், மூடியைப் போட்டு இருட்டில் ஒரு படம் எடுத்து அதன் சொந்த இரைச்சலைக் கழிக்கிறோம். அழகுக்காக எதையும் தொடுவதில்லை.

மெகாபிக்சல் ஏற ஏறப் படம் தெளிவாகும், சரிதானே?

ஓரளவுக்கு மேல் இல்லை. எந்த லென்ஸும் ஒரு புள்ளியைப் புள்ளியாகவே கொடுப்பதில்லை, சின்ன வட்டமாகப் பரப்பித்தான் கொடுக்கும். அந்த வட்டத்துக்குள் நான்கு பிக்சல் இருந்தாலும் நாற்பது இருந்தாலும் வட்டம் வட்டம்தான். போதாததற்கு, பிக்சல் சிறுக்கச் சிறுக்க ஒவ்வொன்றிலும் விழும் ஒளி குறையும், இரைச்சல் தூக்கலாகத் தெரியும்.

அப்படியானால் சிலி நாட்டில் செர்ரோ பச்சோன் மலைமேல் இருக்கும் ரூபின் ஆய்வகக் கேமராவுக்கு எதற்கு 3,200 மெகாபிக்சல் என்று உடனே கேட்பார்கள். அங்கே பிக்சல் அதிகம் தேவைப்படுவது பரப்புக்காக. 189 சென்சர்களைத் தரையில் ஓடு பதிப்பதுபோல் அருகருகே பதித்திருக்கிறார்கள். ஒரே கிளிக்கில் நாற்பதுக்கும் மேற்பட்ட முழுநிலாக்கள் அடங்கும் அளவு வானம் விழும். முதல் படங்கள் 2025 ஜூனில் வந்தன. திட்டம் என்னவென்றால், பத்து ஆண்டுகள் அதே தென்வானத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து, நேற்றைய படத்தோடு இன்றையதைக் கழித்து, என்ன மாறியது என்று பார்ப்பது.

நுண்ணோக்கியில் இன்னும் ஜூம் பண்ணினால் அணு தெரிந்துவிடாதா?

தெரியாது. ஒளி ஓர் அலை. தன் அலைநீளத்தில் பாதியைவிட நெருக்கமாக இருக்கும் இரண்டு பொருள்களை அதனால் பிரித்துக் காட்ட முடியாது. 1873-இல் எர்ன்ஸ்ட் அபே இதைக் கணக்காகவே எழுதிவிட்டார். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு எல்லை சுமார் 200 நானோமீட்டர். அணுவோ ஒரு நானோமீட்டரில் சில பத்தில் ஒரு பங்குதான். ஜூம் செய்தால் அதே மங்கல் பெரிதாகத் தெரியும், அவ்வளவே.

ஆனால் அந்த எல்லையைத் தாண்டியதற்கு நோபல் கொடுத்தார்களே?

கொடுத்தார்கள், 2014-இல், வேதியியலுக்கு. எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் மூவருக்கும். அபே சொன்ன விதியை அவர்கள் உடைக்கவில்லை, பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இருட்டான மைதானத்தில் நூறு பேர் நெருக்கமாக நின்று ஒரே நேரத்தில் டார்ச் அடித்தால் தூரத்திலிருந்து ஒரே வெளிச்சத் திட்டுதான் தெரியும். ஒருவர் பின் ஒருவராக அடிக்கச் சொன்னால்? ஒவ்வொரு வெளிச்சமும் மங்கலான வட்டம்தான், ஆனால் வட்டத்தின் நடு எங்கே என்று துல்லியமாகக் குறித்துவிடலாம். நூறு நடுப்புள்ளிகளையும் குறித்துச் சேர்த்தால் யார் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துவிடும். பெட்சிக் செய்தது இதைத்தான், ஆட்களுக்குப் பதில் ஒளிரும் மூலக்கூறுகளை வைத்து. மூலக்கூறு ஒன்றைத் தனியாகக் கண்டறிய முடியும் என்பதை 1989-இலேயே காட்டியிருந்தவர் மோர்னர். ஹெல் வழி வேறு. ஒரு லேசர் புள்ளியை ஒளிரச் செய்யும், அதைச் சுற்றி வடை மாதிரி நடுவில் ஓட்டையுள்ள இன்னொரு லேசர் ஓரங்களை அணைத்துவிடும். மிஞ்சுவது நடுவில் உள்ள சின்னப் பொட்டு.

பெட்சிக் கதை எனக்குப் பிடித்தது. ஆராய்ச்சியே வேண்டாம் என்று விட்டுவிட்டு அப்பாவின் இயந்திரக் கம்பெனியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர், திரும்பி வந்து அந்த நுண்ணோக்கியை முதலில் கட்டியது நண்பர் ஹரால்ட் ஹெஸ்ஸின் வீட்டுக் கூடத்தில்.

சரி, அணுவை உண்மையிலேயே யாராவது பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள், ஒளியால் அல்ல. 1981-இல் ஸ்விட்சர்லாந்தில் பின்னிக்கும் ரோரரும் செய்த கருவி ஒரு கூர்முனையை மேற்பரப்புக்கு மிக அருகில் கொண்டுபோய்த் தடவிப் பார்ப்பது போல நகர்த்தியது. பார்வையற்றவர் விரலால் படிப்பதற்கு நெருக்கமான வேலை அது. இன்னொரு வழி எலக்ட்ரான். 300 கிலோவோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரானின் அலைநீளம் 0.002 நானோமீட்டர்தான், அபே எல்லை எங்கோ போய்விடும். ஆனால் எலக்ட்ரானுக்கு நல்ல லென்ஸ் செய்வது பெரும்பாடு. அதனால் லென்ஸை நம்பாமல், சிதறி விழும் கோலங்களை ஆயிரக்கணக்கில் பதிவுசெய்து கணக்குப் போட்டுப் படத்தை எடுக்கும் முறை வந்தது, டைகோகிராஃபி என்பார்கள். 2021-இல் கார்னெல் பல்கலைக்கழகக் குழு அதில் எட்டிய இடம் வேடிக்கையானது: படத்தில் மிச்சமிருந்த மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் கருவி இல்லை, சூட்டில் அணுக்களே ஆடிக்கொண்டிருந்தன.

உயிர்ப்பொருள்களை இப்படிச் சுட்டால் வெந்துவிடும். அதற்குத்தான் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி. துபோஷே, ஃபிராங்க், ஹெண்டர்சன் மூவருக்கும் 2017 நோபல் அதற்காக. தண்ணீரை மெதுவாக உறையவைத்தால் ஐஸ் படிகம் வளர்ந்து புரதத்தைக் கிழித்துவிடும். திரவ ஈத்தேனில் சடாரென்று முக்கினால் படிகமாக நேரமில்லாமல் கண்ணாடி போலவே உறைந்துவிடும், உள்ளே இருக்கும் புரதம் அப்படியே நிற்கும். பிறகு ஒரே புரதத்தின் லட்சக்கணக்கான மங்கல் படங்களைச் சேர்த்து ஒரு முப்பரிமாண வடிவம் எடுப்பார்கள். கொரோனா வைரஸின் கூர்முனைப் புரதம் 2020 பிப்ரவரியிலேயே வெளியானது இந்த வழியில்தான்.

ஜேம்ஸ் வெப் படங்களில் இருக்கும் கலர் எல்லாம் நிஜமா, போட்டோஷாப்பா?

இரண்டும் இல்லை. வெப் பார்ப்பது 0.6 முதல் 28 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான ஒளி, பெரும்பகுதி அகச்சிவப்பு. நம் கண்ணுக்கு அதில் நிறமே கிடையாது. அதன் சென்சருக்கும் நிறம் தெரியாது. ஒரு வடிகட்டியைப் போட்டு ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அடுத்த வடிகட்டிக்கு இன்னொன்று. பிறகு குறைந்த அலைநீளத்துக்கு நீலம், நடுவுக்குப் பச்சை, அதிகமானதற்குச் சிவப்பு என்று வரிசை மாறாமல் ஒதுக்கிச் சேர்க்கிறார்கள். ஆண் குரலுக்குப் பொருந்தாத உச்ச ஸ்தாயிப் பாட்டைச் சுருதி இறக்கிப் பாடுகிற மாதிரி. ஸ்வரங்களுக்கு இடையிலான உறவு மாறுவதில்லை.

'அப்போ பக்கத்தில் போய் நின்றால் இப்படித் தெரியாதா?' என்று ஒரு பையன் கேட்டான். தெரியாது. பக்கத்தில் போனாலும் அந்த மேகங்கள் பெரும்பாலும் வெளிறிய சாம்பல் மூட்டமாகத்தான் தெரியும். அவன் முகம் வாடிவிட்டது, எனக்கே பாவமாக இருந்தது.

கருந்துளைப் படம் போட்டோவா, கம்ப்யூட்டர் வரைந்ததா?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான அந்த ஆரஞ்சு வளையம், 5.5 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கும் எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் நிழல். அதைப் பிரித்துப் பார்க்க 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலையில் பூமி அளவுக்கு ஓர் ஆன்டெனா தேவை. அப்படி ஒன்றைக் கட்ட முடியாது. அதனால் 2017 ஏப்ரலில் உலகின் பல மூலைகளில் இருந்த எட்டு தொலைநோக்கிகளை ஒரே கருவி போல இயக்கி, வந்த அலைகளை அணுக்கடிகார நேரத்தோடு பதிந்துகொண்டார்கள்.

எந்த இரண்டு தொலைநோக்கிகளின் பதிவையும் ஒப்பிட்டால் படத்தைப் பற்றிய ஒரு தகவல் கிடைக்கும். பூமி சுழலும்போது அந்த ஜோடிகளின் கோணம் மாறுவதால் இன்னும் சில கிடைக்கும். ஆனால் முழுதாகக் கிடைக்காது. சில கட்டைகள் உடைந்த ஹார்மோனியத்தில் தெரிந்த பாட்டை வாசித்தால் எப்படி இருக்கும்? விட்டுப்போன ஸ்வரங்களைக் காது ஊகிக்கும். இங்கே ஊகத்தைக் கணக்கு செய்தது. ஊகம் ஒருவர் ஆசைப்படி போய்விடக் கூடாது என்று நான்கு குழுக்களாகப் பிரிந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல், தனித்தனி முறைகளில் படத்தை எடுத்தார்கள். நான்கிலும் வளையம் வந்தது. ஆரஞ்சு நிறம் மட்டும் அவர்கள் தேர்வு.

ஹார்ட் டிஸ்க்கை விமானத்தில் கொண்டுபோனார்களாமே, இணையம் இல்லையா?

கருந்துளைத் தரவு பெட்டாபைட் (ஒன்று பத்து லட்சம் ஜிபி) கணக்கில். அனுப்புவதைவிடத் தூக்கிக்கொண்டு போவது வேகம். தென்துருவத் தொலைநோக்கியின் டிஸ்க்குகள் மட்டும் அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் இறங்கும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தன.

வெப்பக் கேமரா இருந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்பது தெரியுமா?

தெரியாது. சினிமாவில் பார்த்ததை மறந்துவிடுங்கள். கேமரா பார்ப்பது சுவரின் இந்தப் பக்கத்து மேற்பரப்பிலிருந்து வரும் 8 முதல் 14 மைக்ரான் வரையிலான கதிரைத்தான். சுவர் என்ன, ஜன்னல் கண்ணாடியே அதற்குச் சுவர்தான். ஆய்வகத்துக்கு வருபவர்களிடம் நான் ஒரு கண்ணாடித் தகட்டைக் கொடுத்து முகத்துக்கு முன்னால் பிடிக்கச் சொல்வேன். திரையில் முகம் இருந்த இடத்தில் ஒரே நிறத்தில் ஒரு சதுரம், அதில் கேமராவைப் பிடித்திருக்கும் என் உருவம் மங்கலாகப் பிரதிபலிக்கும். அடுத்து கறுப்புக் குப்பைப் பைக்குள் கையை விடச் சொல்வேன். கண்ணுக்குப் பை மட்டும்தான் தெரியும், திரையில் ஐந்து விரலும் பளிச்சென்று விரிந்திருக்கும். கண்ணாடி தடுக்கிறது, மெல்லிய பிளாஸ்டிக் விடுகிறது. எது ஒளிபுகும் பொருள் என்பது எந்த அலைநீளத்தில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அதனால்தான் இந்தக் கேமராக்களின் லென்ஸைக் கண்ணாடியில் செய்வதில்லை, ஜெர்மானியத்தில் செய்கிறார்கள். நம் கண்ணுக்கு அது மெருகேற்றிய உலோகம் மாதிரி இருக்கும். 'சார், மூடியை எடுக்க மறந்துட்டீங்க' என்று வாரம் ஒருவராவது சொல்வார்.

அப்போ திரையில் காட்டும் டிகிரியையாவது நம்பலாமா?

பொருளைப் பார்த்து. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பளபளப்பான எஃகுக் குழாயைக் கேமரா 34 டிகிரி என்று காட்டியது. தைரியமாகக் கையை வைத்தேன், கொப்புளம் வந்தது. குழாய்க்குள் ஓடியது கொதிக்கக் கொதிக்க நீர். பக்கத்தில் இருந்த மூத்தவர் எதுவும் பேசாமல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு கிழித்துக் குழாய்மேல் ஒட்டினார். அரை நிமிஷத்தில் திரையில் அந்தத் துண்டு மட்டும் தகதகவென்று 80-ஐத் தாண்டிக் காட்டியது, அதைச் சுற்றிக் குழாய் அதே 34-இல்.

பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கதிராக விடுவதில் கஞ்சன், அறையின் கதிரைத் திருப்பி அனுப்புவதில் தாராளம். கேமரா படித்தது குழாயை அல்ல, அதில் பிரதிபலித்த அறையையும் என்னையும். டேப் அப்படி இல்லை, சூட்டில் கிட்டத்தட்ட 95 சதவீதத்தை ஒளிக்காமல் சொல்லிவிடும். படம் தெளிவாகத்தான் இருந்தது, பொய்யும் இல்லை. எதை அளந்தது என்பதை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன். இன்றும் என் பையில் அந்த டேப் இருக்கிறது.

ஒளி நகர்வதையே வீடியோ எடுத்துவிட்டார்களாமே?

ஒளி ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர் போகும். 2011-இல் எம்.ஐ.டி. குழு ஒரு பாட்டிலுக்குள் லேசர் துடிப்பு ஊர்ந்து போவதைக் காட்டியது. ஆனால் அது ஒரே துடிப்பின் படம் இல்லை. அதே மாதிரி துடிப்பைக் கணக்கில்லாத முறை அனுப்பி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தைத்தது. ஒருமுறை மட்டுமே நடக்கும் விஷயத்தை அப்படி எடுக்க முடியாது. 2014-இல் லிஹாங் வாங் குழு ஒரே கிளிக்கில் விநாடிக்கு 10,000 கோடி ஃபிரேம் வேகத்தை எட்டியது. 2018-இல் அதே வழியில் 10 லட்சம் கோடி. அந்த வேகத்தில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒளி 0.03 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும், சராசரித் தலைமுடியின் அகலத்தை விடக் குறைவு. அங்கும் பதிவாவது குழம்பிய ஒரே படம். காட்சிக்குமேல் முன்பே தெரிந்த ஒரு புள்ளிக்கோலத்தை வைத்து எடுத்துவிட்டு, பிறகு கணக்குப் போட்டு ஃபிரேம்களாகப் பிரிக்கிறார்கள்.

ஃபிரேமே இல்லாத கேமரா என்று ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது, நிகழ்வுக் கேமரா என்று சொல்லலாம். சாதாரண வீடியோவில் ஒன்றுமே நகராத சுவரையும் விநாடிக்கு 30 முறை எடுத்துக்கொண்டே இருப்போம். இதில் ஒவ்வொரு பிக்சலும் தனியாள். தன்மேல் விழும் வெளிச்சம் கூடினாலோ குறைந்தாலோ மட்டும் 'இந்த நேரத்தில் கூடியது' என்று ஒரு வரி அனுப்பும், மாறாவிட்டால் வாயைத் திறக்காது. நேரம் மைக்ரோ விநாடித் துல்லியத்தில் இருக்கும். கண்ணின் விழித்திரை வேலை செய்யும் விதத்தைச் சிலிக்கானில் செய்து பார்க்கலாம் என்று 1980-களின் கடைசியில் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் மிஷா மஹோவால்டும் கார்வர் மீடும் தொடங்கியது இது. எங்களைப் போன்றவர்களுக்கு அதிரும் இயந்திரத்தைப் பார்க்க வசதி. அசையாத பகுதி திரையில் வரவே வராது, ஆடுகிற போல்ட் மட்டும் மின்னும்.

மூலை திரும்பி இருப்பதைப் படம் எடுக்கலாம் என்கிறார்களே, கண்ணாடி வைத்தா?

கண்ணாடி இல்லாமலே. லேசர் துடிப்பை எதிர்ச் சுவரில் அடித்தால் ஒளி சிதறி, மூலைக்கு அப்பால் உள்ள பொருளில் பட்டு, திரும்பவும் சுவருக்கு வந்து, அதிலிருந்து சில ஒளித்துகள்கள் கேமராவுக்கு வரும். ஒவ்வொன்றும் எவ்வளவு தாமதமாக வந்தது என்று எண்ணினால் எவ்வளவு தூரம் சுற்றியது என்று தெரியும். 2012-இல் இதைச் செய்து காட்டினார்கள். ஒற்றை ஒளித்துகளையும் விடாமல் எண்ணும் சென்சர்கள் வந்தபிறகு வேகமாக முன்னேறுகிறது. ஆனாலும் இன்னும் ஆய்வகச் சமாச்சாரம்தான். வெயிலில் தெருவில் வைத்தால் திணறும்.

சி.டி. ஸ்கேன் ஆஸ்பத்திரி விஷயம்தானே, உங்களுக்கு எதற்கு?

1971-இல் முதல் நோயாளிக்கு எடுத்தது மூளை ஸ்கேன், உண்மைதான். ஆனால் சுற்றிச் சுற்றி எக்ஸ்ரே எடுத்து உள்ளே இருப்பதைக் கணக்கிடுவது என்ற எண்ணம் தலைக்கும் பொருந்தும், இன்ஜின் தலைக்கும் பொருந்தும். பேட்டரிக்குள் தகடு மடங்கியிருக்கிறதா, வார்ப்பில் புளோ ஹோல் (உள்ளே சிக்கிய வாயு விட்ட ஓட்டை) இருக்கிறதா என்று உடைக்காமல் பார்க்கிறோம். நோயாளிக்குக் கதிர் அளவு பார்க்க வேண்டும், இரும்புக்கு வேண்டாம். அதனால் மணிக்கணக்கில் எடுக்கலாம், மைக்ரான் அளவுக்கு இறங்கலாம்.

எனக்குத் தெரிந்து இதன் அழகான உபயோகம் இத்தாலியின் பழைய ஹெர்குலேனியம் நகரத்துச் சுருள்கள். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது கரியாகிப்போன பாப்பிரஸ் சுருள்கள் அவை. விரித்தால் தூளாகும். ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் ஒவ்வொரு சுற்றாக விரித்தார்கள். ஆனால் தாளும் கரி, மையும் கரி, எக்ஸ்ரேக்கு இரண்டும் ஒன்று. மை காய்ந்த இடத்தில் மேற்பரப்பு லேசாக வெடித்திருப்பதை ஒருவர் கண்ணால் கவனித்தார். அந்தத் தடயத்தைத் தேட ஏஐ மாடலைப் பழக்கினார்கள். 2023 அக்டோபரில் முதல் சொல் வந்தது: ஊதாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 2024 தொடக்கத்தில் பதினைந்து பத்திகள்.

ஆஸ்பத்திரி ஸ்கேனரில் புதிதாக ஒன்றும் வரவில்லையா?

வந்திருக்கிறது. பழைய ஸ்கேனர் எக்ஸ்ரேயை முதலில் ஒளியாக்கி, பிறகு மின்சாரமாக்கி, மொத்தமாகக் கூட்டிவிடும். உண்டியலை எடை போட்டு எவ்வளவு காசு என்று சொல்வது மாதிரி. புதிய வகையில் காட்மியம் டெல்லுரைடு படிகம் ஒவ்வொரு எக்ஸ்ரே துகளையும் தனித்தனியாக எண்ணி, அதன் ஆற்றல் எவ்வளவு என்றும் குறிக்கிறது. எந்தக் காசு எத்தனை என்று பிரித்து எண்ணுவது இது. அமெரிக்காவில் 2021 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. நுணுக்கம் கூடும், அல்லது அதே படத்துக்குக் கதிர் குறையும். எலும்பையும், ஸ்கேனுக்காக உடலில் ஏற்றும் சாயத்தையும் பிரிப்பதும் சுலபமாகும்.

பிரமிடுக்குள் எக்ஸ்ரே எப்படிப் போனது?

எக்ஸ்ரே போகவில்லை. வானத்திலிருந்து வரும் மியூவான் துகள்கள் போயின. தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அவை எப்போதும் விழுந்துகொண்டிருக்கின்றன, நம்மையும் துளைத்துக்கொண்டு. கல் அதிகமான பக்கத்திலிருந்து குறைவாக வரும், வெற்றிடம் உள்ள பக்கத்திலிருந்து கூடுதலாக வரும். கூஃபு பிரமிடுக்குள் மாதக்கணக்கில் எண்ணி, 2017-இல் குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள வெற்றிடம் ஒன்றை அறிவித்தார்கள். மூன்று வேறு வகைக் கருவிகளிலும் அது தெரிந்தது. வடக்கு முகத்துக்குப் பின்னால் தெரிந்த 9 மீட்டர் தாழ்வாரத்தை 2023-இல் கல் இடுக்கில் எண்டோஸ்கோப் விட்டு நேரிலேயே பார்த்துவிட்டார்கள். சுற்றிக் கணக்குப் போட்டு எடுத்த படத்துக்கு இப்படி நேரடிச் சாட்சி கிடைப்பது அபூர்வம்.

மேகம் மூடியிருந்தாலும் செயற்கைக்கோள் எப்படிப் படம் எடுக்கிறது?

ரேடார். தானே அலையை அனுப்பி எதிரொலியைப் பிடிப்பதால் இரவும் மேகமும் பொருட்டில்லை. நகர்ந்துகொண்டே எடுத்த எதிரொலிகளைச் சேர்த்துப் பெரிய ஆன்டெனா இருப்பதுபோல் கணக்கிடுவது கருந்துளைப் படத்தின் ஒன்றுவிட்ட சகோதரன். 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட நாசா, இஸ்ரோ கூட்டுத் திட்டமான நைசார், 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் பார்க்கிறது. இரண்டு பார்வைகளை ஒப்பிட்டால் தரை சென்டிமீட்டர் அளவு இறங்கியிருந்தாலும் தெரியும்.

மங்கலான படத்தை ஏஐ தெளிவாக்கித் தருகிறதே, அதை வைத்து முடிவு எடுக்கலாமா?

ஒரு வாடிக்கையாளர் அலுமினிய வார்ப்பு ஒன்றின் ஸ்கேன் படங்களை அனுப்பி, 'சுத்தமாக இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள்' என்றார். உண்மையிலேயே அவ்வளவு சுத்தம். வார்ப்பில் அப்படி ஒரு சீரான சாம்பல் நிறம் வரவே வராது, அதுதான் உறுத்தியது. மூலக் கோப்பைக் கேட்டு வாங்கினோம். அதில் ஓர் ஓரத்தில் மூன்று நான்கு பிக்சல் அகலத்துக்குக் கறுப்புப் பொட்டுகள். இடையில் யாரோ இரைச்சல் நீக்கும் மென்பொருளில் விட்டிருக்கிறார்கள். அது நல்ல வார்ப்புகளையே பார்த்துப் பழகியது, பொட்டுகளை இரைச்சல் என்று நினைத்துப் பூசி மெழுகிவிட்டது. மறுபடி ஸ்கேன் செய்தோம். புளோ ஹோல்தான்.

இதற்காக ஏஐ வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஹெர்குலேனியத்தில் பயன்பட்டதும் அதுவே. ஆனால் அங்கே மாடல் ஒரு நேரத்தில் பார்த்தது மிகச் சிறிய துண்டைத்தான், அதற்குக் கிரேக்கமும் தெரியாது, எழுத்து எப்படி இருக்கும் என்றும் தெரியாது. 'இங்கே மை இருக்கிறதா' என்று மட்டும் சொன்னது. எழுத்தாக வாசித்தவர்கள் அறிஞர்கள். கிரேக்கம் தெரிந்த மாடலை விட்டிருந்தால் அழகான கிரேக்கம் எழுதித் தந்திருக்கும், அது சுருளில் இருந்ததா என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

அப்படிப் பார்த்தால் கருந்துளைப் படத்திலும் பாதி ஊகம்தானே?

நியாயமான கேள்வி. ஊகம் உண்டு, மேலேயே ஒப்புக்கொண்டேன். வித்தியாசம், அந்த ஊகம் என்னவென்று எழுதியே வைத்திருக்கிறார்கள்: பிரகாசம் எதிர்மறையாக இருக்காது, படம் ஓரளவு வழுவழுப்பாக இருக்கும் என்கிற மாதிரி. வளையம் இருக்கும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. வட்டு, இரண்டு பொட்டு என்று செயற்கைத் தரவுகளைக் கொடுத்துச் சோதித்தபோது அதே முறைகள் வட்டையும் பொட்டையும்தான் திருப்பித் தந்தன.

தரவு பொதுவில் இருப்பதால், ஜப்பானிய ஆய்வாளர்கள் சிலர் அதையே வேறு விதமாக அலசி வளையம் வரவில்லை என்று 2022-இல் கட்டுரை எழுதினார்கள். முதல் குழு அதை மறுத்தது. அதன்பின் 2018-இல் கிரீன்லாந்துத் தொலைநோக்கியையும் சேர்த்து எடுத்த பதிவு 2024 ஜனவரியில் வெளியானது. வளையத்தின் அளவு அதே, பளிச்சென்ற பகுதி மட்டும் சுமார் 30 டிகிரி நகர்ந்திருந்தது. என்னைக் கேட்டால், வளையத்தை நம்புகிறேன். வளையத்தில் தெரியும் பளிச்சென்ற முடிச்சுகளைப் பற்றி யாராவது கதை சொன்னால் கொஞ்சம் பொறுத்துக் கேட்பேன்.

இதெல்லாம் நம் போனுக்கு எப்போது வரும்?

சில வந்துவிட்டன. சில போன்களில் தூரம் அளக்கும் லைடார், மூலைக்கேள்வியில் சொன்ன ஒளித்துகள் எண்ணும் சென்சர்தான். இரவுப் படத்துக்குப் பல ஃபிரேம்களை அடுக்கிச் சேர்ப்பது வானியலாளர்கள் பல காலமாகச் செய்வது. உறைநிலை நுண்ணோக்கி வராது, கவலைப்படாதீர்கள்.

மியூவான் மட்டும் இப்போதே முயன்று பார்க்கலாம். லென்ஸைக் கறுப்பு டேப்பால் நன்றாக மூடி, இருட்டறையில் வைத்து, நீண்ட எக்ஸ்போஷரில் அடுத்தடுத்துப் படங்கள் எடுங்கள். ரா கோப்பாக (போன் திருத்தாத மூலக் கோப்பாக) எடுப்பது முக்கியம், இல்லாவிட்டால் போனின் மென்பொருள் அதை அழுக்கு என்று துடைத்துவிடும். சென்சர் சின்னது, அதனால் சில நிமிடங்களுக்கு ஒன்று வந்தாலே அதிர்ஷ்டம். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் வரும் புள்ளி சென்சரின் பழுது, தள்ளிவிடுங்கள். ஒரே ஒரு படத்தில் மட்டும் வந்த சின்ன நேர்க்கோடு என்றால் மியூவானாக இருக்கலாம். வளைந்து நெளிந்த புழு மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் அறைச் சுவரின் இயற்கைக் கதிரியக்கம் கிளப்பிய எலக்ட்ரான்.